அடம்பன் ஓம் சொல்லும் வரை

அந்தக் கந்தோரில் எனக்கிருந்த வேலையை ஒரு வரியில் சொல்லலாம். இரண்டு கணினிகள் ஒரே செய்தியைச் சொல்லும்படி பார்த்துக்கொள்வது. ஒன்று மன்னார்ப் பட்டினத்தில், என் அலுவலக மேசையில் இருந்தது. மற்றது பாலத்தைக் கடந்து, உயிலங்குளத்தில் இராணுவத்தின் சாவடியைக் கடந்து, அதற்கப்பால், எதிர்ப் பக்கத்தை வைத்திருந்த இயக்கத்தின் சாவடியையும் கடந்து, அடம்பனில் இருந்தது.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் குலைந்து, மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியிருந்த வருடம் அது. கூலி வேலைக்கு மன்னார்த் தீவுக்கு வந்தவர் இந்தப் பக்கம் நின்றுவிடுவார், வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இருந்துவிடுவார்கள். இடையில் பாதை பூட்டும், திறக்கும், மறுபடி பூட்டும். பிரிந்துபோனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிச் சொல்வதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. ஆட்கள் தங்களுக்குக் கிட்டிய கந்தோருக்கு வந்து, தாங்கள் இருக்கும் இடத்தையும் தேடும் ஆளையும் சொல்லுவார்கள். அடம்பனில் பதிந்தது மன்னாருக்கு வர வேண்டும். மன்னாரில் பதிந்தது அடம்பனுக்குப் போக வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் இடையில் தொலைபேசி இல்லை. ஒரு ரேடியோ செற் இருந்தது, அதில் குரல் மட்டும்தான் போகும். அதனால் முழு விபரத்தையும் இரண்டு கணினியிலும் வைத்திருந்தோம். யார் வந்து கேட்டாலும் முன்னால் இருக்கும் கணினியைப் பார்த்து உடனே பதில் சொல்லிவிடலாம். எங்கள் வாகனத்துக்கு அனுமதி கிடைக்கும் நாளில், சாரதி ஒரு பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோய், அங்கிருந்ததைக் கொண்டுவருவார். நான் இரண்டையும் சேர்ப்பேன். ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக எழுதியிருந்தால், எது பிந்தி எழுதப்பட்டதோ அதை வைத்துக்கொள்ளும்படி நிரலை நானே எழுதியிருந்தேன். பிந்தியது சரியாகத்தானே இருக்கும். சில கிழமைகளில் வாகனம் இரண்டு தரம் போகும். சில கிழமைகளில் போகவே மாட்டாது. அந்த நாட்களில் இரண்டு கணினியும் தம்பாட்டில் வேறு வேறு திசைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடம்பன் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவரை நான் கண்டதில்லை. முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர் என்று தெரியும். ரேடியோவில் அவருடைய குரல் கனமாக, ஆறுதலாக வரும். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். எங்களுக்குள் தொடக்கத்திலிருந்தே ஒரு இழுபறி இருந்தது.

"தங்கச்சி, போறதுக்கு வெளிக்கிடுற ஆக்களுக்கு உடன சொல்லாதேங்கோ. ஒருக்கா எனக்கு செற்றில அடிச்சுக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. ஓவர்."

"செற் நேற்று முழுக்க எடுக்கேல்லை அண்ணை. இஞ்ச வெயிலுக்க அறுபது எழுபது சனம் நிக்குது. எப்பிடி மறிச்சு வைக்கிறது? ஓவர்."

எங்கள் பொறுப்பாளர் அக்காவும் அப்போது என் பக்கம்தான். வந்தவர்களுக்கு உடனே ஒரு பதில் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பாதை எந்த நேரம் பூட்டும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது.

ஒரு காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இந்தப் பக்கம், பேசாலையில் கருவாட்டு வாடியில் கூலி வேலை செய்பவர். மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்து அடம்பன் பக்கத்தில் குடியேறியவர். பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது. மனைவியும் நான்கு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். ஊரில் ஷெல் விழுந்து சனம் ஊரை விட்டு எழும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு ஒரு செய்தியும் இல்லை.

நான் பெயரை அடித்துப் பார்த்தேன். மனைவியும் பிள்ளையும் அடம்பனுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகத் திரையில் வந்தது. சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பாப்பாவும் இருக்குங்களா மிஸ்?"

"ஓம், ரெண்டு பேரும் இருக்கினம்."

"இன்னைக்குப் பாதை தொறந்திருக்காம். நான் இப்பவே போயிடுறேங்க."

போக விருப்பமா, அங்கே போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று நான் கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். 'அடம்பனுக்குப் புறப்பட்டார்' என்று பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் கேற்றைத் தாண்டும்போது கிட்டத்தட்ட ஓடினார்.

அடுத்த நாள் காலை பாதை பூட்டிவிட்டார்கள். அன்று பின்னேரம் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, காய்ச்சல் விட்டுப் போன பிள்ளைகளுக்கு வரும் வெளிறிய முகம். அவள் சொன்ன கணவரின் பெயர் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். இருந்தும் அந்தப் பெயரில் வேறு ஒருவர் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அடித்தேன். முந்தைய நாள் நானே அடித்த வரி வந்தது.

"நீங்கள் அடம்பனிலையெல்லோ இருக்கிறீங்கள்?" என்றேன். முன்னால் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் என் திரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அடம்பன் கந்தோரில் அவள் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த கணினி, கணவர் பேசாலையில் என்று சொல்லியிருக்கிறது. அடம்பன் அண்ணை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். செற் எடுக்கவில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை, பாதை திறந்திருந்தது, அவள் புறப்பட்டுவிட்டாள். அவள் போனதை அண்ணை அங்கே பதிந்தும் இருக்கிறார். சாவடியைத் தாண்டி வெளியே வந்தபோது பிள்ளை நெருப்பாகக் கொதித்திருக்கிறது. முதலில் வந்த பஸ் முருங்கன் பஸ். அதில் ஏறி முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாள் வார்ட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் மன்னாருக்கு வருகிறாள். அவள் புறப்பட்ட செய்தி வாகனத்துக்காக அடம்பனில் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் என் கதிரையிலிருந்து எழும்பி ஓடினார்.

"அவரு எங்கங்க மிஸ்?"

எப்படிச் சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. சொன்னபோது அவள் அழவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப நான் திரும்பிப் போறேங்க" என்றாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அங்கே அவரும் இதே சொல்லைச் சொல்லிக்கொண்டு நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவள் அங்கே போக, அவர் இங்கே வர, இரண்டு பேரும் மறுபடியும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவார்கள்.

நான் அவளை அங்கிருந்த நீள வாங்கில் இருத்தி, பிள்ளைக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுக்கச் சொல்லிவிட்டு, செற்றுக்கு ஓடினேன். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். ஐந்தாறு தரம் கூப்பிட்ட பிறகு அந்தக் கனத்த குரல் வந்தது.

"தங்கச்சி, பேசாலை வாடியில வேலை செய்த ஒராள் இஞ்ச எனக்கு முன்னால இருக்கிறார். மனிசியக் காணேல்லையெண்டு சத்தம் போடுறார். திரும்பி வெளிக்கிடப் போறாராம். ஓவர்."

"விடாதேங்கோ அண்ணை! மனிசி இஞ்ச இருக்கிறா. பிள்ளையும் இருக்குது. அவரை அங்கயே இருக்கச் சொல்லுங்கோ. ஓவர்."

செற்றில் சொந்தக் கதை கதைக்கக் கூடாது. நாங்கள் பேசுவதை இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அனுமதி போனால் எல்லாருக்கும் போய்விடும். பொறுப்பாளர் அக்கா கதவடியில் நின்றார். அவளும் பிள்ளையும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். "அவையள் சொல்லுறதை நீ சொல்லு, நீ சொன்னால் அது கந்தோர்ச் செய்தி" என்றார்.

அப்படித்தான் நான் அவர்களுக்கு நடுவில் நின்று கதைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிட்டார் என்று பதில் வந்தது. அண்ணை பொய் சொல்கிறார் என்று எனக்கும் அவளுக்கும் தெரிந்தது. யார் அசைவது, யார் அசையாமல் இருப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள். "நான் இந்தப் பக்கந்தான், நறுவிலிக்குளத்துல எங்க பெரியம்மா மக வூட்டுல இருக்கேன். எங்கயும் போகமாட்டேன். அவர வரச் சொல்லுங்க. எத்தினி நாளானாலும் நான் அந்த வூட்டுலயேதான் இருப்பேன்னு சொல்லுங்க."

சொன்னேன். பிறகு அண்ணை, "விளங்கிற்றாம். ஓவர்" என்றார்.

வாகனம் மறுபடி போய்வர இரண்டு கிழமைக்கு மேலானது. வந்த பென்டிரைவை நான் பயத்தோடுதான் செருகினேன். சேர்த்து முடித்துப் பார்த்தால், பயந்ததைவிட மோசமாக இருந்தது. அடம்பனில் இடம் மாறியவர்கள் என்று அண்ணை பதிந்த எத்தனையோ பேர், சேர்த்த பிறகு பழைய இடங்களிலேயே இருந்தார்கள். அண்ணையின் பதிவுகளின் திகதியைப் பார்த்தேன். எல்லாம் பல வருடத்துக்கு முந்திய திகதி. பிந்தியது எது என்று பார்க்கும் என் நிரல், அவர் எழுதிய புதுச் செய்தியைப் பழசு என்று தள்ளிவிட்டு, என்னிடமிருந்த பழசைப் புதுசு என்று வைத்திருந்தது.

செற்றில் கேட்டேன். அடம்பனில் கரண்ட் இல்லை, ஜெனரேற்றர்தான். கணினி நிற்கும்போதும் மணிக்கூட்டை ஓட வைக்கிற சின்னப் பற்றரி அதற்குள் செத்துப்போயிருந்தது. ஜெனரேற்றர் நின்று தொடங்கும் ஒவ்வொரு தரமும் கணினி, தான் பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போய்விடும்.

"காசளவு பற்றரிதான் தங்கச்சி. ஒண்டு குடுத்து விடேலாதா? ஓவர்."

"பற்றரி தடை அண்ணை. சாவடியில எடுத்துப் போடுவாங்கள். ஓவர்."

முன்பு இரண்டு பக்கத்துக்கும் அரை மணி நேர வித்தியாசம் இருந்தது. நாங்கள் அரசாங்கம் முன்னால் தள்ளிய புது நேரம், அவர்கள் பழைய நேரம். அந்த வருடம் அரசாங்கமே மணிக்கூட்டைப் பின்னால் மாற்றிய பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். இப்போது அரை மணி அல்ல, வருடக்கணக்கில் வித்தியாசம். அதன் பிறகு அண்ணை ஜெனரேற்றரைத் தொடங்கும்போதெல்லாம் கைமணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைத் தானே மாற்றி வைத்தார். நான் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுத் திருத்தினேன். ஆனால் திரையில் தெரியும் எதையும் நம்புகிற மனம் எனக்குப் போய்விட்டது. பெயரை அடித்துவிட்டு, வருகிற வரியை ஆட்களுக்குச் சொல்ல வாய் வராது.

புது ஒழுங்கு ஒன்று கொண்டுவந்தோம். கடந்து போக நினைக்கிறவர்களுக்கு அடம்பன் ஓம் சொல்லும் வரை பதில் இல்லை. அடம்பனிலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படியே, நாங்கள் ஓம் சொல்ல வேண்டும். அண்ணை இதைத்தான் ஆதியிலிருந்தே கேட்டார். பிழையான பதில்கள் நின்றன. அதோடு பதில்களும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. டீசல் இல்லாத நாட்களில் அடம்பன் பேசாது. மழை மூட்டத்தில் செற் இரையும். வாங்கில் இருந்த சனம் முற்றத்துக்கும், முற்றத்தில் இருந்த சனம் றோட்டுக்கும் போனது.

அதில் ஒரு ஆசிரியை இருந்தார். அவருடைய தாய் அந்தப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் படுக்கையில். எங்கள் கணினியில் அந்த வீட்டு விபரம் தெளிவாக இருந்தது. நான் சொல்லவில்லை. அடம்பனைக் கேட்கிறேன், பொறுங்கோ என்றேன். அன்று செற் எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை. பாதை இரண்டு நாளும் திறந்திருந்தது. மூன்றாம் நாள் காலை அண்ணையின் குரல் வந்தது. தாய் அந்த வீட்டில்தான் இருக்கிறார், ஓம். நான் முற்றத்துக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் கையில் ஏற்கெனவே பை இருந்தது, ஆனால் போகிறவரின் முகமாக இல்லை.

"இப்பதான் அறிவிச்சவங்கள், றோட்டு பூட்டியாச்செண்டு" என்றார். பிறகு சத்தம் போடாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "உங்களிட்ட இருந்த விலாசம் முந்தாநாளும் இதுதானே? பிழையா இருந்தாலும் நான் போய்த் தேடியிருப்பன். அதை நீங்கள் ஏன் எனக்காக யோசிச்சனீங்கள்?"

அவர் பிறகு எங்களிடம் வரவில்லை. அந்தத் தாய்க்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று மத்தியானம் நானும் அண்ணையும் செற்றில் கிட்டத்தட்டச் சண்டை பிடித்தோம். வேடிக்கை என்னவென்றால் நாங்கள் பக்கம் மாறிவிட்டோம். நான் பொறுக்கச் சொல்ல வேண்டும் என்றேன், அவர் இருக்கிறதைச் சொல்லி அனுப்புவோம் என்றார். பொறுப்பாளர் அக்கா சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு வந்து செற்றை வாங்கினார்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ. கொம்பியூட்டரில இருக்கிறதைச் சனத்துக்குச் சொல்லுங்கோ. அது எப்ப எழுதினதெண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. செற் எடுத்தால் கேப்பம். எடுக்காட்டில், போறதும் இருக்கிறதும் அவையின்ர முடிவு. ஓவர்."

அதன் பிறகு அப்படித்தான் சொன்னோம். "உங்கட அண்ணர் பள்ளிக்கூடத்தில இருக்கிறார், ஆனால் இது போன செவ்வாய்க்கிழமைச் செய்தி." சிலர் உடனே போனார்கள். சிலர் அடம்பன் பேசும் வரை வாங்கில் இருந்தார்கள். ஒரு கிழமைச் செய்தியைப் பழசு என்று சிலர் ஏசினார்கள், வேறு சிலருக்கு ஒரு மாதச் செய்தியே போதுமாக இருந்தது. என் பதற்றம் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

வாடியில் வேலை செய்தவருக்கு அங்கிருந்து வெளியேற இயக்கத்தின் பாஸ் கிடைக்கவில்லை. அவர் வயது ஆண்களை அவர்கள் இலேசில் விடமாட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் அவள் நறுவிலிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வாங்கில் இருந்து, "இருக்காருங்களா?" என்று மட்டும் கேட்பாள். நான் செற்றில் கேட்டு, இருக்கிறார் என்பேன். அவள் எழும்பிப் போவாள். ஒரு கிழமை அண்ணை, "ரெண்டு நாளாக் காணேல்லை தங்கச்சி" என்றார். அன்று நான் அவளுக்கு அதை அப்படியே சொன்னேன். அவள் வழக்கம்போல எழும்பிப் போகவில்லை. கந்தோர் பூட்டும் வரை இருந்தாள்.

நான்கைந்து நாள் கழித்துச் செய்தி வந்தது, அடம்பனிலிருந்து அல்ல, நறுவிலிக்குளத்திலிருந்து. கடும் நோயாளி ஒருவரை வாகனத்தில் முருங்கன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது, தூக்க ஆள் வேண்டும் என்று அவரையும் கூட விட்டிருக்கிறார்கள். நோயாளியை வார்ட்டில் கிடத்திவிட்டு, நேராக நறுவிலிக்குளத்துக்கு நடந்திருக்கிறார். அவள் சொன்ன வீட்டில் இருந்தாள். அடுத்த கிழமை மூன்று பேருமாக வந்தார்கள். அவர் மெலிந்திருந்தார். பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்த கையை விடவேயில்லை. நான் மூன்று பேரின் பதிவையும் திறந்து ஒரே விலாசத்தை அடித்தேன். அடிக்கும்போது கண் மறைத்தது.

சண்டை கிட்ட வந்தது. பாதை ஒரேயடியாகப் பூட்டப்பட்டது. அண்ணை தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அதற்கு முன்பே மனைவியின் தாய் வீட்டுக்கு, தலைமன்னாருக்கு அனுப்பியிருந்தார். தான் மட்டும் கணினியோடு நின்றார். ஒரு பின்னேரம் கனத்த சத்தங்களுக்கு நடுவில் செற்றில் வந்தார். "ஆக்கள் எல்லாம் வடக்க போகுது தங்கச்சி. நானும் வெளிக்கிடுறன். என்ர ஆக்கள் சுகமோ? ஓவர்."

"முந்தாநாள் கந்தோருக்கு வந்தவ அண்ணை. சுகமா இருக்கிறா. பிள்ளையளும் சுகம். ஓவர்."

பதில் வரவில்லை. கேட்டாரோ தெரியவில்லை. நான் இருட்டும் வரை கூப்பிட்டேன்.

அடுத்து வந்த மாதங்களில் அவருடைய மனைவி வரும்போதெல்லாம் நான் அதே பழைய செய்தியைத்தான் சொன்னேன், அது எவ்வளவு பழசு என்பதையும் சேர்த்து. அவர் ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டினார். சண்டை முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான், வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் அண்ணை உயிரோடு இருப்பதாகத் தகவல் கிடைத்தது. அந்தத் தகவலை நான் மூன்று இடத்தில் விசாரித்துவிட்டே மனைவியிடம் சொன்னேன்.

விடுவிக்கப்பட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் குரலுக்கு நான் பெரிய உருவம் ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் என்னைவிடச் சின்ன உருவம், ஒரு காது சரியாகக் கேட்காது. அம்மா மீன் குழம்பும் ஒடியல் கூழும் வைத்திருந்தார். அவர் கணினியைப் பற்றியோ செற்றைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு தரம் கூழ் வாங்கிக் குடித்தார். பிறகு கதிரையில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டார். பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினார்கள். அவருடைய மனைவி அவர்களை அதட்டவில்லை, அவர் விழித்துவிடுவாரோ என்றும் பார்க்கவில்லை. என் அம்மாவோடு குழம்பின் புளியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.